வெள்ளைக் கேமராவில் அக்கா

ஞாயிறு, 2 நவம்பர்

காலையில் வெயில், மூன்று மணிக்கு மழை. ஈப்போவில் இந்த மாதம் இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

இரண்டு பேட்டரியும் சார்ஜில். இரண்டு கேமராவும் சாப்பாட்டு மேசையில், தீபாவளி முறுக்கு டின் பக்கத்தில். கேமராக் கடை முதலாளி வோங் தவுக்கே பத்து நாளைக்கு இரவல் கொடுத்திருக்கிறார். கேமரா குழுவுக்கு நான் இரண்டையும் ஒப்பிட்டு எழுத வேண்டும். குழுவில் நாற்பது பேர். தொழில்காரர்கள் யாரும் இல்லை. பிள்ளை, பூனை, கோயில், கோப்பிக்கடை என்று எடுக்கிறவர்கள். "நீங்கதான் அக்கா நேர்மையா எழுதுவீங்க" என்று ஏற்றிவிட்டார்கள். இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிக்கூட அலுவலகத்தில் கோப்பு எழுதுகிறவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நானும் தலையாட்டிவிட்டேன். முடிந்ததும் இரண்டில் ஒன்றை நானே வாங்கிக்கொள்வதாக எண்ணம்.

ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. இனி வெ., க.

எடை: மாவு நிறுக்கும் தராசில் வைத்தேன். க. ஒரு கோழிமுட்டை அளவு கூட.
பிடி: க. கையில் நிற்கிறது. வெ. சவுக்காரக்கட்டி.
வியூஃபைண்டர்: க.வில் உண்டு. வெ.வில் இல்லை. வெயிலில் திரைக்குக் கை குடை பிடிக்க வேண்டும்.
திரை: வெ. முன்பக்கம் திரும்பும். தன்னைத் தானே எடுத்துக்கொள்கிறவர்களுக்கு.
கை நடுக்கம்: க. தாங்குகிறது.
மெனு: இரண்டையும் எழுதியவன் ஒரே படுபாவி.

மழை விட்டபின் முகச் சோதனை. மாடல்: அக்கா. சம்பளம்: ஒரு கப் மைலோ. முன்வாசல் பெஞ்சில் உட்கார வைத்தேன். பெஞ்சின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நடுவுல உக்காரேன். விழுந்திடப் போற."

"எனக்கு இப்படித்தான் சௌகரியம். நீ எடு லா."

நிழலில் இருக்கும் கறுத்த முகத்தைக் க. கண்டுபிடிக்கவே மாட்டேன் என்கிறது. தேடுகிறது, தேடுகிறது, பின்னால் இருக்கும் பூந்தொட்டியைப் பிடித்துக்கொள்கிறது. நம்மைப் போன்றவர்களை இந்தக் கேமரா செய்தவர்கள் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. வெ. அப்படி இல்லை. திருப்பிய கணமே அக்கா முகத்தைச் சுற்றி ஒரு சின்ன மஞ்சள் சதுரம். முகம் திரும்பினால் சதுரமும் கூடவே போகிறது. குழுவுக்கு இதை முதலில் எழுத வேண்டும்.

ஒரே ஒரு குறை. அக்காவுக்கு இடது பக்கத்தில், பெஞ்சின் காலி இடத்துக்கு மேலே, இன்னொரு சதுரம். செம்பருத்திச் செடியை முகம் என்று நினைத்துவிட்டது.

செம்பருத்தி அந்தப் பக்கம் இல்லை. இப்போதுதான் எழுந்து போய்ப் பார்த்தேன். அங்கே கிரில் கம்பியும் சுவரும்தான்.

திங்கள், 3 நவம்பர்

மேகமூட்டம். வெ. மட்டும் பையில். பள்ளியில் பரிசளிப்பு ஒத்திகை. தலைமையாசிரியை, ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள், காவலாளி, எல்லாரையும் எடுத்தேன். பதினேழு பிள்ளைகள், பதினேழு சதுரம். எண்ணிப் பார்த்தேன். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நல்ல கேமராதான்.

தோலின் நிறம்: வெ. எல்லாரையும் கொஞ்சம் வெளுக்கிறது. மெனுவில் மூன்றாம் பக்கத்தில் ‘அழகு’ என்று ஒன்று போட்டு வைத்திருக்கிறான், அதை அணைத்தேன். பிறகு சரி.

அக்காவின் மருத்துவமனைக் கடிதம் வந்துவிட்டது. சேர்வது புதன் 12, மதியம் இரண்டு மணி. வியாழன் அறுவை. சினைப்பையில் கட்டி. நல்லதா கெட்டதா என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும் என்று டாக்டர் சொன்னது போன மாதம். அன்றிலிருந்து வீட்டில் இருவரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. ‘அந்தப் புதன்’ என்கிறோம். இந்த வீட்டில் நானும் அவளும் மட்டும்தான்.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அக்கா சொன்னது: "பாப்பா, கேமரா இருக்கும்போதே ஒரு நல்ல படம் எடுத்து வெச்சிரு. ஐசி படத்தைப் பெருசாக்கி மாலை போட்டுடாதே. அதுல நான் திருடி மாதிரி இருக்கேன்."

அடையாள அட்டைப் படத்தில் அவள் அப்படித்தான். சிரித்தேன். பிறகு குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். நாற்பத்தொன்பது வயது. அவள் இல்லாத ஒரு நாள்கூட எனக்கு நினைவில் இல்லை.

புதன், 5 நவம்பர்

அரை நாள் லீவு. அக்காவோடு பழைய டவுன். சோதனை என்று சொல்லிக்கொண்டேன், உண்மையில் அவளைக் கோப்பிக்கடைக்குக் கூட்டிப்போக ஆசை. அறுவைக்குப் பிறகு எத்தனை நாள் பத்தியமோ.

வெள்ளைக் கோப்பி இரண்டு, காயா ஜாம் தடவிய ரொட்டி. மேசையில் நான்கு நாற்காலி. அக்கா பையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

க.: வெள்ளைச் சுவர், கறுப்பு முகம், ஒளியைக் கூட்டிக் கொடுத்தால் அருமையான படம். பொறுமை வேண்டும்.

வெ.: மறுபடியும் இரண்டு சதுரம். அக்கா முகத்தில் ஒன்று, காலி நாற்காலிக்கு மேலே ஒன்று. அந்த உயரத்தில் சுவரில் ஒன்றுமே இல்லை. காலண்டர் கிடையாது, மின்விசிறி கிடையாது. கேமராவைக் கடைக்காரர் பக்கம் திருப்பினேன்: ஒரு சதுரம். அடுத்த மேசையில் பேப்பர் படிக்கும் கிழவர்: ஒன்று. அக்கா: இரண்டு.

ஆற்றங்கரைக்கு நடந்தோம். பாலத்தில் அவளை நிறுத்தினேன். இரண்டு. அவளை நகரச் சொன்னேன். இரண்டாவதும் கூடவே நகர்ந்தது. எப்போதும் இடது பக்கம். எப்போதும் அவள் தலைக்குக் கொஞ்சம் மேலே.

அக்கா கேட்டாள்: "என்னா, ஒரே அடியா திரையையே மொறைக்கிற? ரொஸாக்கா?"

"ஆமா. ஃபோகஸ் கெட்டுப்போயிருக்கு."

அது பொய்யும் இல்லை. வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தேன். வெ. எடுத்த பதினொரு படத்திலும் அக்கா மங்கல். பக்கத்தில் இருக்கும் வெறும் இடம் கத்தி மாதிரி கூர்மை. பாலத்துக் கம்பியின் துருவைக்கூட எண்ணலாம்.

வியாழன், 6 நவம்பர்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வோங் தவுக்கே கடை. வெ.வைக் கொடுத்துச் சொன்னேன். அவர் என்னை ஒரு சதுரம், தன் மனைவியை ஒரு சதுரம், மாட்டியிருந்த விளம்பரப் பெண்ணை ஒரு சதுரம் என்று எடுத்துக் காட்டினார். "தக் ரொஸாக்" என்றார், கெடவில்லையாம். யாராவது முன்பு எடுத்துப் பார்த்தவர்களின் முகம் உள்ளே பதிந்திருக்கலாம் என்று எல்லாவற்றையும் அழித்து, புதிதாக வந்த மென்பொருளையும் போட்டுக் கொடுத்தார். நல்ல மனிதர். பெட்டியைத் திறந்ததே தான்தான், தனக்கு முன்னால் யாரும் தொடவில்லை என்பதையும் அவரே சொன்னார். சொன்ன பிறகு அவரும் கொஞ்சம் யோசித்தார்.

மாலை. முன்வாசல். அக்கா பெஞ்சில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாமல் சன்னலுக்கு உள்ளிருந்து வெ.வைத் திருப்பினேன்.

இரண்டு.

இந்தத் தடவை இரண்டாவது சதுரம் நேற்றுப் பாலத்தில் இருந்ததைவிடக் கீழே இருந்தது. அவளும் உட்கார்ந்திருந்தாள் அல்லவா.

வெள்ளி, 7 நவம்பர்

மழை காலையிலேயே. மருத்துவமனையில் ரத்தம், இதயம், மயக்க டாக்டர். மூன்று வரிசை. கேமரா கொண்டுபோகவில்லை. வேண்டுமென்றேதான்.

நான் மருந்து எடுக்கும் வரிசையில் நின்றேன். அக்கா பெஞ்சின் ஓர இருக்கையில். பக்கத்தில் ஓர் இடம் காலி. கூட்டமோ கூட்டம். ஒரு மலாய் அம்மா வந்து அந்த இடத்தைக் காட்டி, "அடா ஒராங்?" என்று கேட்டார், யாராவது இருக்கிறார்களா என்று. அக்கா நிதானமாக "அடா" என்றாள். ஆள் இருக்கிறது. அந்த அம்மா போய்விட்டார். எனக்காகத்தான் இடம் பிடித்து வைத்திருக்கிறாள் என்று, மருந்தை வாங்கிக்கொண்டு போய் அங்கே உட்காரப் போனேன்.

"நீ அந்தப் பக்கம் வாயேன் பாப்பா" என்று வலது பக்கத்தைக் காட்டினாள். அங்கே வேறொருவர் எழும்வரை நின்றேன்.

வீட்டில்: அக்கா தூங்கியதும் டேப் எடுத்து அளந்தேன். கோப்புக்காரிக்குச் சந்தேகம் வந்தால் அளக்கத்தான் தோன்றும். நேற்று முன்தினம் டவுனிலிருந்து வந்ததும் அக்காவை வாசல் கிரில் ஓரம் நிறுத்தி எடுத்த படம். சதுரத்தின் மேல்விளிம்பு கிரிலின் மூன்றாவது குறுக்குக் கம்பியில். தரையிலிருந்து அந்தக் கம்பி ஐந்தடி பத்து அங்குலம்.

டேப்பைச் சுருட்டி வைத்தேன். இன்று இதற்கு மேல் எழுதவில்லை.

சனி, 8 நவம்பர்

வெயில். நல்ல வெயில். படம் எடுக்கத் தோட்டத்துக்குப் போகலாம் என்று சொன்னது அக்காதான். நான் தட்டிக்கழித்திருக்க வேண்டும்.

கோலா கங்சார் போகும் பழைய ரோட்டில் நாங்கள் பிறந்த தோட்டம். இப்போது முழுக்கச் செம்பனை. நாங்கள் குடியிருந்த லயங்கள் இருந்த இடத்தில் உரக் கொட்டகை. ரப்பர் பால்மரம் ஒன்று பாக்கி, அதுவும் யாரும் சீவாமல். மாரியம்மன் கோயில் இருக்கிறது, புது பெயின்ட். ரப்பர் ஷீட் காயவைத்த புகைக்கூடத்தின் பின்சுவர் மட்டும் நிற்கிறது. செங்கலில் இன்னும் கரி.

அக்கா சுவரைத் தடவிப் பார்த்தாள். "மணமே போகல பாரு."

எனக்கு ஒரு மணமும் வரவில்லை.

கோயில் பண்டாரம் வேலு அண்ணே வெளியே கூட்டிக்கொண்டிருந்தார். ஐந்து வருடமாகத்தான் இங்கே. கம்பாரிலிருந்து வந்தவர். எங்களையும் எங்கள் வீட்டையும் அவருக்குத் தெரியாது. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், தெரியாது என்பதை நான் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

அக்கா சொன்னாள்: "தனியா நின்னா எனக்குச் சிரிப்பு வராது. நீயும் வா. அண்ணே, ஒரு படம் எடுத்துக் குடுங்களேன்."

வெ. என் கையில் இருந்தது. க.வை எடுத்துக் கொடுக்கத்தான் பையைத் திறந்தேன். அதற்குள் அவர் வெ.வை வாங்கிக்கொண்டார். புகைக்கூடச் சுவர் முன்னால் அக்கா, அவளுக்கு வலது பக்கம் நான். வேலு அண்ணே திரையைப் பார்த்தார். இடது கையால் வெயிலை மறைத்து மறுபடி பார்த்தார். கேமராவை இறக்கினார்.

"மூணு கட்டம் வருது ம்மா."

மறுபடி ஒரு தடவை விரலால் எண்ணினார்.

"மூணு பேரா நின்னு எடுக்கக் கூடாது ம்மா. நடுவுல நிக்கிறவங்களுக்கு ஆகாது. இன்னொருத்தரைக் கூப்பிடுங்க, எடுக்கிறேன்."

"ரெண்டு பேருதானே அண்ணே நிக்கிறோம்" என்றேன்.

அவர் எங்களை நேரே பார்த்தார், திரையைப் பார்த்தார், கேமராவை என் கையில் வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டார். "ரெண்டு பேருதான். ஆனா நான் எடுக்கல ம்மா. மன்னிச்சிருங்க."

அக்கா மட்டும் சிரித்தாள். "நடுவுல யாரு அண்ணே?"

அவர் திரும்பிக் கூட்ட ஆரம்பித்தார். அவர் சொல்ல வேண்டியதும் இல்லை. வலது பக்கம் நான். இடது பக்கம் அந்தச் சதுரம். நடுவில் அவள்.

வாடகைக் காரில் ஏறி ரோட்டுக்கு வந்தோம். பெட்ரோல் நிலையம் தாண்டியதும் கேட்டேன்.

"கோப்பிக்கடையில ஏன் பைய மடியிலயே வெச்சிருந்த?"

"ஆளு உக்காந்திருக்கிற எடத்துல யாராவது பைய வெப்பாங்களா?"

"எத்தனை நாளா?"

"தீபாவளிக்கு முன்னாடியே. டாக்டர் சொன்னாரே, அன்னைக்கு வீட்டுக்கு வரும்போது பஸ்ல." சன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பயப்படாத பாப்பா. சும்மாதான் உக்காந்திருக்கான்."

யார் என்று நான் கேட்கவில்லை. அவளும் பெயர் சொல்லவில்லை.

ஞாயிறு, 9 நவம்பர்

மழை, விடாமல். எழுதித்தான் ஆக வேண்டும். முப்பத்தேழு வருடமாக எங்கேயும் எழுதாதது.

எனக்குப் பன்னிரண்டு வயது. சேகர் அண்ணனுக்குப் பதினேழு, அக்காவுக்கு இருபது. தீபாவளிக்குத் தோட்டத்துக்குப் படக்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருவார். புகைக்கூடச் சுவர்தான் அவருக்கு ஸ்டூடியோ. அந்த வருடம் எங்கள் மூவரையும் நிறுத்தினார். நடுவில் அக்கா, அவளுக்கு வலது பக்கம் நான், இடது பக்கம் அண்ணன். பிறகு எண்ணிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். மூன்று பேர் ஆகாது, நடுவில் நிற்கிறவருக்கு ஆகாது, நாலாவதாக ஒரு பிள்ளையைக் கூப்பிடுங்கள் என்றார். தோட்டத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். ஆள் கிடைக்காவிட்டால் ஒரு கோழியையாவது யாராவது தூக்கிக்கொள்வார்கள்.

பக்கத்து வீட்டுக் கோமளா ஓடி வந்தாள். அவள் போட்டிருந்த பாவாடையும் என் பாவாடையும் ஒரே துணி. எனக்குப் பொறுக்கவில்லை. அவளைத் தள்ளினேன். "எங்க வீட்டுப் படம், நாங்க மூணு பேரு மட்டும்தான்" என்று காலை உதைத்துக் கத்தினேன். அவள் அழுதுகொண்டே போய்விட்டாள். படக்காரர் எடுக்க மாட்டேன் என்றார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது அண்ணன் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துத் தன் இடத்தில் விட்டான். அவன் நடுவில் வந்து நின்றான். எங்கள் இருவர் தோளிலும் கை போட்டான். "எனக்கு ஒண்ணும் ஆகாது. எடுங்க அண்ணே" என்றான்.

தை மாதம் லோம்போங்கில் மூழ்கிப்போனான். ஈயம் எடுத்துவிட்டுப் போன குளம். நன்றாக நீந்துவான். அதே குளத்தில் நூறு தடவை நீந்தியிருக்கிறான்.

பெட்டி செய்கிறவர் உயரம் கேட்டார். அப்பா சொன்னது என் காதில் விழுந்தது. அஞ்சடி பத்து.

வீட்டில் அவன் படம் அது ஒன்றுதான். மாலை போட வேண்டும் என்று அம்மா கத்தரியால் நடுப்பகுதியை வெட்டி எடுத்துப் பெரிதாக்கக் கொடுத்தார். மிச்சம் இரண்டு துண்டு. ஒன்றில் அக்கா, ஒன்றில் நான். என் தோளில் ஒரு கை, அதற்கு மேல் ஆள் இல்லை. அக்கா தோளிலும்.

இன்று மூன்றையும் எடுத்து மேசையில் சேர்த்து வைத்தேன். சாமி அறையிலிருந்து அண்ணனையும் இறக்கினேன். அக்கா துண்டு கூர்மை. என் துண்டும் கூர்மை, பாவாடைப் பூவைக்கூட எண்ணலாம். அண்ணன் மட்டும் மங்கல். பெரிதாக்கியதால் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இல்லை. என் துண்டின் ஓரத்தில் அவன் சட்டை விளிம்பு கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. அதுவே மங்கல். பையன் ஆடிவிட்டான் என்று படக்காரர் அப்போது சொன்னதாக அம்மா சொல்வார்.

அவன் ஆடவில்லை. அவன் கைக்குக் கீழேதான் நான் நின்றேன். கல்லு மாதிரி நின்றான்.

பதினொரு படத்திலும் அக்கா மங்கல்.

பயமாக இருக்கிறது. அண்ணன் மேல் பயம் என்று எழுதக் கை வரவில்லை. ஆனால் அவன் பழைய இடத்தில் வந்து நிற்கிறான். முதலில் படக்காரர் நிறுத்திய இடத்தில். அவன் அங்கே நின்றால் நடுவில் யார் என்பது அவனுக்குத் தெரியாதா?

திங்கள், 10 நவம்பர்

மழை இல்லை. புழுக்கம். பள்ளிக்குப் போய் மூன்று கடிதத்தில் மூன்று பிழை. தலைமையாசிரியை கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

ஒரு முடிவுக்கு வந்தேன். க.வில் எடுத்தால் போயிற்று. அதற்கு எதுவும் தெரியாது. மாலை அக்காவுக்கு அந்த மாம்பழ நிறச் சேலை கட்டிவிட்டு, சன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, ஒளியைக் கூட்டி, கையாலேயே ஃபோகஸ் வைத்து இருபது படம் எடுத்தேன். எல்லாம் கூர்மை. கண்ணில் சன்னல்கூடத் தெரிகிறது. குழுவில் போட்டால் ஆளுக்கு ஒரு இதயம் போடுவார்கள்.

அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஐசி படத்துக்கு இது பரவாயில்ல."

"பின்ன என்னா?"

"ஒண்டியா இருக்கேன் பாரு."

"ஒண்டியாத்தான்க்கா இருக்க!" கத்திவிட்டேன். கத்தியிருக்கக் கூடாது.

அவள் கோபப்படவில்லை. "வெள்ளையில எடு. அவன் இல்லாத படம் எனக்கு எதுக்கு? நாப்பது வருசமா நீயும் நானும் அவன் பேரையே எடுக்கல. அவன்தான் வந்து உக்காந்திருக்கான். மூஞ்சியத் திருப்பிக்கச் சொல்றியா?"

"உன்னைக் கூட்டிட்டுப் போக வந்திருந்தா?"

"வந்தா வந்துட்டுப் போறான் லா. எனக்கும் அம்பத்தேழாச்சு."

அவளுக்குச் சம்மதம். அதுதான் விஷயம். அவள் தயாராகிவிட்டாள், சேலை மடித்து வைப்பது மாதிரி. எனக்குச் சம்மதமில்லை. ஒருத்தனை என் பாவாடைக்காகக் கொடுத்தாயிற்று. இவளைக் கொடுக்க மாட்டேன்.

இன்னொன்று. க. பார்க்கவில்லை என்பதால் அங்கே ஆள் இல்லை என்று ஆகிவிடுமா? நிழலில் இருக்கும் அக்காவையே அது பார்ப்பதில்லையே.

செவ்வாய், 11 நவம்பர்

சுருக்கமாக. அக்காவின் பை கட்டியாச்சு: கைலி இரண்டு, துண்டு, விபூதி, சார்ஜர், பல்செட் டப்பா, பழைய மருத்துவமனைக் கடிதங்கள், ஐசி. முறுக்கு வேண்டாம் என்றேன், ஒளித்து வைத்திருக்கிறாள், தெரியும்.

குழுவுக்கான குறிப்பு (நாளை திருத்த வேண்டும்):

தினப்படி எடுக்கிறவர்களுக்கு, பொறுமை இருந்தால், க. கையில் நிற்கும், நடுக்கம் தாங்கும், வெயிலில் பார்க்கலாம். நம் நிறத்துக்கு ஒளியைக் கூட்டிக்கொள்ளவும். வெ. லேசு, திரை திரும்பும், முகம் பிடிப்பதில் பத்துக்குப் பத்து. யாரையும் விடாது.

கடைசி வரியை அடித்தேன். மறுபடி எழுதினேன்.

கோமளாவைக் கூப்பிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. நாலாவது ஆளாக. சித்தியவானில் இருக்கிறாள், பேரன்கூட இருக்கிறானாம். பத்து மணிக்கு நம்பர் கண்டுபிடித்துக் கூப்பிட்டேன். குரல் கேட்டதும் யார் என்று சொல்ல வரவில்லை. ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். அவளை ஒரு தடவை தள்ளிவிட்டேன். இப்போது இதற்காகக் கூப்பிட்டு நிறுத்தவா?

நாலாவது வேண்டாம். மூன்றே போதும். யார் எங்கே நிற்பது என்பதுதான் கேள்வி. நேற்றிலிருந்து அது எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

புதன், 12 நவம்பர்

வெயில். மேற்கே சுண்ணாம்பு மலைக்கு மேல் கறுத்துக்கொண்டு வருகிறது. மணி 12.40. வாடகைக் கார் ஒரு மணிக்கு வரும். அதற்குள் எழுதிவிட வேண்டும்.

பதினொரு மணிக்கு அக்கா குளித்து, மாம்பழச் சேலை கட்டி, தானே வந்து முன்வாசலில் நின்றாள். இடது பக்கம் இடம் விட்டு. நான் வெ.வை ஸ்டூலில் வைத்து, கீழே இரண்டு பாடப் புத்தகம் வைத்து உயர்த்தி, திரையை முன்பக்கம் திருப்பினேன். நின்ற இடத்திலிருந்தே எங்களைப் பார்க்கலாம். தன்னைத் தானே எடுத்துக்கொள்கிறவர்களுக்கு என்று எழுதினேன் அல்லவா.

திரையில் அக்கா. பக்கத்தில், கிரிலின் மூன்றாவது கம்பி உயரத்தில், மற்றது. ஆடாமல் நின்றது.

"நீயும் வா" என்றாள். வலது பக்கம் கையைக் காட்டினாள், என் பழைய இடத்தை.

பத்து விநாடி டைமரை அழுத்தினேன். நடந்தேன். வலது பக்கம் போகவில்லை. அக்காவைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனேன். அவளுக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் புகுந்தேன். திரையில் பார்த்துக்கொண்டே போனேன். அந்தச் சதுரம் ஒரு ஆள் அளவு தள்ளிப்போனது. இடம் விட்டது.

மூன்று சதுரம். நடுவில் நான்.

அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏய், தள்ளு பாப்பா. இந்தப் பக்கம் வா. தள்ளுங்கிறேன்." அவளுக்கு நல்ல பலம், கட்டியோடும். நான் அவள் தோளில் கை போட்டு இறுக்கிக்கொண்டேன். இன்னொரு கையை இடது பக்கம், என் தலைக்கு மேல் உயரத்துக்குத் தூக்கி வைத்தேன். வெறும் காற்றில்தான் வைத்தேன். கை கீழே விழவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

"எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன். சொன்ன பிறகுதான் அது யார் சொன்ன வார்த்தை என்று நினைவு வந்தது.

கேமரா சிமிட்டிச் சிமிட்டி எண்ணியது. அக்கா அழுதுகொண்டே திட்டினாள். கடைசி நொடியில் சிரித்தாள், ஏன் என்று தெரியவில்லை, எனக்கு இடது பக்கமாகப் பார்த்து. கிளிக்.

அக்கா உள்ளே பல் தேய்க்கப் போயிருக்கிறாள். படத்தை இப்போதுதான் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். அருமையான படம். மாலை போடும் படம் இல்லை, மேசையில் வைக்கும் படம். அக்கா அப்படியே கூர்மை. இமை மயிர், மூக்குத்தி, கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர், எல்லாம்.

நான்தான் மங்கல். ஆடவில்லை. கல்லு மாதிரி நின்றேன்.

கார் ஹாரன். மழை தூற ஆரம்பித்துவிட்டது, அக்காவுக்குக் குடை எடுக்க வேண்டும்.